நேவி புளூ டி-ஷர்ட்டில் வளைந்த கோடு

எங்கள் பனியன் ஊரின் காதர்பேட்டைக்குப் படம் எடுக்கப் போனால் டீ வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்துவிடும். "கேமரா எத்தனை மெகாபிக்சலுங்க?" துணிக்கு ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று கேட்டுப் பழகிய வாய் அது. எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் கேட்லாக் படம் எடுத்தே பிழைக்கிறவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எரிச்சலோடு நிறுத்தாமல் வகுப்பெடுக்கவும் ஆரம்பித்துவிடுவேன்.

பெரிய சென்சார் உள்ள கேமராவும், அதைவிட விலை கூடிய லென்ஸும் நான் வாங்கிய புதிதில், அதே ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி அதையே கேட்டார். அவருக்கு நிட்டிங் மெஷினை வைத்தே சொன்னேன். சென்சாரின் அளவு மெஷினின் டயா மாதிரி, அதாவது ஊசி நிற்கும் வட்டத்தின் அகலம். பிக்சல் நெருக்கம் கேஜ் மாதிரி, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்பது. லென்ஸ்தான் நூல். சின்ன டயாவில் ஊசியை நெருக்கி நெருக்கி வைத்துவிட்டு மட்டமான நூலை ஓட்டினால் துணி எப்படி வரும்? செல்போனில் பெரிய எண்ணைப் போட்டு விற்பதும் அதே கதைதான். முதலாளிக்குப் புரிந்துவிட்டது. உங்கள் நூல் நல்ல நூல்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கண்ணுக்குத் தெரியாததைக்கூட இது காட்டும் என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம்.

அந்த வாரம் அவருடைய வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்குப் படம் எடுத்தேன். மெல்லிய துணியில் நேவி புளூ டி-ஷர்ட். சாம்பிளுக்குத் தைத்த நான்கு சைஸையும் வரிசையாக மாட்டி, நான்கும் ஒரே படத்தில் அடங்கும்படி தள்ளி நின்று எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பளிச்சென்று இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து பதில் வந்தது: துணி முழுக்கக் கோடு இருக்கிறது, கட்டிங்கை நிறுத்துங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். கோடு இருந்தது. தோள்பட்டையில் தொடங்கி, வயிற்றுப் பக்கம் அகன்று, மடிப்பு வந்த இடத்திலெல்லாம் சுருண்டு, அலை அலையாக, லேசான பச்சையும் ஊதாவும் கலந்து இறங்கியது.

முதலாளி செக்கிங் டேபிளிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். அந்தத் துணி ரோல்களை விளக்கு வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்து பாஸ் போட்டவர் அவர்தான். முதலாளி குரலை உயர்த்தவில்லை. இத்தனை நாளும் பழைய கேமராவில் தப்பித்திருக்கிறது, புதுசு பிடித்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் பேக்கிங்குக்குப் போய்விடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். துணிக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்திலிருந்து டி-ஷர்ட்டை மடித்துப் பையில் போடும் இடத்துக்கு. பிசிறு வெட்டுவதில் தொடங்கி ஏழு வருஷத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் அது. அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. என் லென்ஸ் ஒரு டேமேஜைக் கண்டுபிடித்துவிட்டது என்று உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. திரையை மட்டும் கிட்டே போய்ப் பார்த்தார். "ஊசி கெட்டு வார கோடு நேராத்தாண்ணே இறங்கும். இது வளைஞ்சுல்லா போவுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் பாதி வழியில் திரும்பி வந்தேன். ஊசிக்கு வளையத் தெரியாது. சாயம் பிடிக்காமல் போனாலும் இப்படிச் சுருளாது. அப்படியானால் இது என்ன? சாம்பிள் ரூமில் நான்கு டி-ஷர்ட்டும் மாட்டியபடியே இருந்தன. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தபடி ஓரடி முன்னால் நகர்த்தினேன். கோடும் நகர்ந்தது. இன்னும் கிட்டே போனேன். கோடு மறைந்து, நூல் வளைந்து பின்னிய கண்ணிகள் லூப் லூப்பாகத் தெரிந்தன. பின்னால் வந்தேன், கோடும் வந்தது. பழைய லென்ஸை மாட்டினேன். கோடும் இல்லை, லூப்பும் இல்லை, மொத்தமும் ஒரே நீல மழமழப்பு. துணியில் உள்ள டேமேஜ் நான் நடந்தால் கூடவே நடக்குமா? சிரிப்பு வந்தது.

துணியில் லூப் வரிசை. சென்சாரில் பிக்சல் வரிசை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது வரிசை ஒன்று பிறந்துவிடுகிறது. மங்கலான லென்ஸ் லூப்பைக் கரைத்துவிடும், அதனால் தொல்லை இல்லை. கூர்மையான லென்ஸ் ஒன்றைக்கூட விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான் தள்ளி நின்றதில் லூப்கள் அத்தனை பொடியாகிவிட்டன. அவற்றைப் பிரித்தறியப் பிக்சல் நெருக்கம் போதவில்லை. நூல் உயர்ந்த நூல்தான், கேஜ்தான் எட்டவில்லை. இதையெல்லாம் எப்போதோ படித்தவன்தான் நான். என் படத்துக்கே அது வரும் என்று தோன்றவில்லை.

முதலாளியைக் கூட்டிவந்து கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினேன். அவர் பாதிதான் நம்பினார். கட்டிங் வேஸ்டில் கிடந்த வலைத்துணியில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து லேசாகத் திருப்பினேன். அதே அலை எழுந்தது. அவர் பிடுங்கிக்கொண்டு பிரித்துப் பார்த்தார், சேர்த்துப் பார்த்தார், ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பி விளையாடவே ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க, ரெண்டுமே நல்ல துணிதானுங்களே" என்றார் கடைசியில்.

அந்தப் பெண்ணைச் செக்கிங் டேபிளிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கிட்ட நின்று எடுத்த படங்களும் ஒரு மீட்டர் துணியும் பையருக்குப் போயின. அவர்களும் ஒத்துக்கொள்ள, கட்டிங் மறுபடி ஓடியது. நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மன்னிப்பைவிட விவரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. டயா, கேஜ், வலைத்துணி எல்லாம் சொன்னேன். ரோலை ஓட்டியபடியே கேட்டவர், மெஷினை நிறுத்தினார்.

"கோடுன்னு சொன்ன அன்னைக்கு அந்தச் சட்டை அடுத்த ரூம்லதானண்ணே தொங்குச்சு. யாராவது போயி ஒரு தடவ பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "அயர்ன் பண்ணி மாட்டுனதே நாந்தானுங்க. பாக்கலீங்க."