கையால் பார்த்த சூடு

மலேசியாவில் எங்கள் கூலாய் ஊரில் ஏர்கான் ரிப்பேர் வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் முதலில் என்னைத்தான் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பார்க்கலாம். செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் கையால் கற்றது. செம்புக் குழாயைத் தொட்டால் போதும், கேஸ் குறைவா, அடைப்பா, மோட்டார் போகப்போகிறதா என்று சொல்லிவிடுவேன். மீட்டர் வாங்கினேன்தான். அது பெரும்பாலும் வேனிலேயே கிடந்தது.

கணினியையும் யாரிடமும் போய் நிற்காமல்தான் கற்றேன், கடையை மூடிய பிறகு, வீடியோ பார்த்து. அதற்குக் காரணம் என் மனைவி. வாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவளால் கோயிலுக்குப் போக முடியவில்லை. கண்ணும் பாதி போய்விட்டது. ஃபோனில் காட்டினால் ஒன்றும் தெரியாது, பெரிய டிவியில் வந்தால் தெரியும். ஒரு தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கணினியை வாங்கி, லினக்ஸ் ஏற்றி, கோயிலில் பாடகர் நிற்கும் மாடத்தில் வைத்தேன். கேமரா, வயர், எல்லாம் என் கைவேலை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை எங்கள் படுக்கையறை டிவிக்கு நேராக வந்தது. அவள் வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டு பார்ப்பாள்.

இந்த வருடம் அது படுத்தத் தொடங்கியது. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது படம் திக்கும், பிறகு கணினி தானாக அணைந்துவிடும். கோயிலைத் திறந்து மூடுகிற கோயில்பிள்ளைக்கு இதில் ஒரே சந்தோஷம்.

"என்னண்ணே, ஃபாதர் பேச ஆரம்பிச்சா உங்க மெஷின் தூங்கிருது. நம்ம ஆளுங்கள விட மோசமா இருக்கே."

"சூடுன்னு சொல்லுது. பாக்குறேன்."

"ரோசாக் ஆயிருச்சுன்னா, கெட்டுப்போச்சுன்னா, கடையில குடுங்கண்ணே. வெக்கப்படாதீங்க லா."

கடையிலா? நானா? மாடத்தில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் சென்சார்களைக் கேட்கும் கட்டளையை அடித்தேன். வரிசையாக எண்கள் வந்தன. மதர்போர்டுப் பலகையின் சூடு முப்பத்தெட்டு. ப்ராஸஸரின் சூடு தொண்ணூற்றேழு. கீழே ஒரு வரியில் நூற்று இருபத்தேழு. மறுநாள் காலையில் வந்து, குளிர்ந்து கிடந்த கணினியைப் போட்டவுடனே பார்த்தேன். அப்போதும் அந்த வரி நூற்று இருபத்தேழு. அந்த அளவு சூடு உண்மையாக இருந்தால் மாடமே பற்றியிருக்க வேண்டும். இணையத்தில் கேட்டேன். பலகையில் எதுவும் இணைக்காத சென்சார் முனை அப்படித்தான் பொய் எண் காட்டும் என்று ஒருவர் எழுதினார். கூடவே, ப்ராஸஸர் மேலே இருந்து சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார்.

கணினியின் மூடியைத் திறந்து கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. திரையில் தொண்ணூற்றேழு, கைக்குக் கீழே சில். அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சென்சார் பொய் சொல்கிறது என்று முன்பே நிரூபணம் ஆகிவிட்டது. இதுவும் அந்தக் குடும்பம்தானே என்று நினைத்தேன். கட்டையை அசைத்துப் பார்க்கக்கூட இல்லை. சூடு எல்லையைத் தாண்டினால் கணினியை அணைத்துவிடுகிற காவல் புரோகிராம் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். சோதித்துப் பார்த்ததில் கொஞ்ச நேரம் அணையாமல் ஓடியது. கோயில்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த வாரம்தான் என் மனைவியின் அக்கா ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தாய் இல்லாத வீட்டில் இவளைத் தூக்கி வளர்த்தவர். அக்காவின் மகள் இருப்பது அடுக்குமாடி வீட்டில், லிஃப்டில் சவப்பெட்டி ஏறாது. அதனால் உடல் வீட்டுக்கு வரவில்லை, நேராகக் கோயிலுக்குத்தான் வரும் என்று முடிவாயிற்று. பூசை முடிந்ததும் கடைசியாக ஒருமுறை பெட்டியைத் திறப்பார்கள், முகம் பார்ப்பார்கள், மூடி எடுத்துப் போவார்கள். எங்கள் குடும்பத்தில் இறந்தவர் முகத்தைப் படம் பிடித்து வைப்பதில்லை. நேராகக் காட்டலாம், பதிவு செய்யக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, என் மனைவி அக்காவைப் பார்ப்பதென்றால் அந்தச் சில நிமிடம்தான். அதுவும் என் கணினி வழியாகத்தான்.

"அக்கா மொகம் தெரியுமாங்க?" என்று கேட்டாள். வாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு குழைந்துதான் வரும்.

"ஏன் தெரியாது? பக்கத்துல நிக்கிற மாதிரி காட்டுறேன் பாரு."

அக்கா மகள் அடக்கத்துக்கு முன்பே கூப்பிட்டாள். "சித்தப்பா, நானும் ஃபோன்ல லைவ் போடுறேன். ஒரு சேஃப்டிக்கு. வீட்டுல இருக்குற நர்ஸ் அத டிவியில போட்டுக்கட்டும்."

"வேணாம். கோயில்ல இருக்கிறது ஒரே நெட் லைன். ரெண்டு படம் போனா ரெண்டும் திக்கும்."

"போன மாசம் பாதியில நின்னுச்சே சித்தப்பா."

"அது சென்சார் கோளாறு. நான் சரி பண்ணிட்டேன். நீ உங்கம்மா பக்கத்துல நில்லு. இதெல்லாம் என் வேலை."

சரி என்று ஃபோனை வைத்துவிட்டாள். அம்மாவை இழந்த பிள்ளை, சண்டை போடத் தெம்பு இருந்திருக்காது.

அன்று கோயில் நிறைந்திருந்தது. குளுவாங்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மேலே தகரக் கூரை காய்ந்தது. பாடகர்களுக்குப் பின்னால் கணினியோடு நான். வாசகம் வரை படம் தெளிவாகப் போயிற்று. பிரசங்கத்தில் லேசாகத் திக்கியது. எண்ணைப் பார்த்தேன், தொண்ணூற்றொன்பது. மறுபடி கட்டையைத் தொட்டேன். சில்லென்றே இருந்தது. சிரித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

ஃபாதர் பெட்டியைச் சுற்றித் தூபம் காட்டி முடித்தார். திறப்பதற்கு ஆட்கள் முன்னால் வந்தார்கள். கேமராவை நெருக்கிக் கொண்டுபோனேன். அந்த நேரம் திரை கறுத்தது. சத்தமே இல்லை. காவல் புரோகிராமை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் சூடு மிஞ்சினால் தானே அணைத்துவிடுகிற இன்னொரு வெட்டு ப்ராஸஸருக்குள்ளேயே இருக்கிறது, அது யார் சொல்லையும் கேட்காது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினேன். ஏறத் தொடங்கியது, பாதியில் மறுபடி வெட்டியது. மறுபடி அழுத்தினேன். கணினிக்குப் பின்னால் குந்திக்கொண்டு வயரைப் பிடுங்கி மாட்டினேன். கீழே அழுகை எழுந்தது. கோயில்பிள்ளை படியேறி வந்து என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, மூடிட்டாங்க. எறங்கி வாங்க."

வீட்டுக்குப் போனபோது டிவியில் சுழலும் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக் கூடாது என்று அவள் நர்ஸைத் தடுத்து வைத்திருந்தாளாம். நான் அணைத்தேன்.

மறுநாள் அந்தக் கட்டையைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கால் ஒன்று ஒடிந்திருந்தது. அடியில் பூசிய பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. கட்டை ப்ராஸஸரைத் தொடவே இல்லை. அதனால்தான் சில்லென்று இருந்திருக்கிறது. சூடு ஏறி வர வழியில்லாமல் கீழேயே நின்று கொதித்திருக்கிறது. தொண்ணூற்றேழு உண்மை. கம்ப்ரஸர் கொதித்து, வெளியே போகும் குழாய் குளிர்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேஸ் போகவில்லை என்று அர்த்தம். அது என் தொழில். என் தொழிலே என் கைக்குக் கீழே இருந்தது.

புதுக் கால் போட்டு, பசை பூசி, காவல் புரோகிராமையும் திருப்பி ஓடவிட்டேன். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டுவதில்லை. அந்த நூற்று இருபத்தேழு மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மறைக்க வழி உண்டு. நான் மறைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அவள் கேட்டாள்.

"ஏங்க, அக்காவுக்கு என்ன சேல கட்டியிருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பெட்டி திறந்ததும் மூடியதும் எனக்குக் காதில் விழுந்ததுதான். மாடத்துக் கைப்பிடிக்கு மேல் தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"தெரியலம்மா."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

அக்கா மகளைக் கேட்கலாம் என்று ஃபோன் போட்டேன். அவள் எடுப்பதில்லை. வேறு யாரையாவது விட்டுக் கேட்டுச் சொல்லலாம்தான். ஆனால் இவள் பிறகு கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியைப் போடுகிறேன். பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் படம் திக்குவதில்லை, கோயில்பிள்ளையும் கேலி செய்வதில்லை. அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள். நான் பார்க்கிறேன். மாடத்திலிருந்து எடுக்கும் படம் என்பதால், பெட்டி வைக்கிற இடம் நடுவில் நன்றாகத் தெரிகிறது.