ஜூடி பார்த்து வைத்த இடம்

ராயபுரம் ஜூடிக்குக் கடல் புதிதல்ல. அப்பா விசைப்படகில் போனவர், புருஷன் பிராங்கிளின் ஃபைபர் போட்டு வைத்து மீன் பிடிப்பவன். ஆனால் அந்த வீட்டில் கடலுக்குப் போவது ஆம்பளை வேலை, கரையில் நின்று விலை பேசுவது பொம்பளை வேலை. யார் விதித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜூடி இரண்டும் வேண்டாமென்று ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பதை நெருங்கும் வயதில், ஆபீஸ் டூர் என்று ஊருக்குத் தெற்கே கோவளம் போன இடத்தில், பலகைமேல் நின்றபடியே துடுப்புப் போடும் விளையாட்டைப் பார்த்தாள். ஏறினாள், விழுந்தாள், மறுபடி ஏறி நின்றேவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அதற்கப்புறம் லீவு கிடைத்தால் போதும், பஸ் மாறி பஸ் ஏறி ஊரின் அந்தக் கோடிக்கு ஓடினாள். வாசலில் ஒரு கடலை வைத்துக்கொண்டு அடுத்தவர் கடலில் போய் நிற்பது என்ன நியாயம்? அங்கே பயிற்சி கொடுக்கும் மதியிடமே, எங்கள் பக்கம் வந்து சொல்லித்தரக் கூடாதா என்று கேட்டுவிட்டாள்.

"உங்க பக்கம் பத்திரமான இடமா ஒண்ணு காட்டுங்க ஜூடி. சரியா இருந்தா மாசாமாசம் அங்கயே வந்து கிளாஸ் எடுக்கறேன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பாக்க வரேன். சரியில்லேன்னா பாண்டிச்சேரியில கேக்கறாங்க, அங்க போயிடுவேன்," என்றாள் மதி.

ஜூடிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவள் மாதிரி கரை கரையாக அலைந்தாள். பார்த்த இடத்திலெல்லாம் ஒரு குறை. காசிமேட்டு ஹார்பருக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது, ஆனால் மேலே டீசல் மினுக்கியது. விசைப்படகுகளுக்கு நடுவே பலகைக்கு ஏது இடம்? எண்ணூர் முகத்துவாரம் அழகுதான். ஆனால் குறுக்கே வலை, தண்ணீர் வற்றினால் முழங்கால் சேறு.

கூடவே அலைந்தவள் மலர்க்கொடி. அதே யார்டில் வேலை, வியாசர்பாடி வீடு. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. பையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், பஜ்ஜி தின்ன ஒரு சாக்கு என்றுதான் வந்தாள்.

கடைசியில் திருவொற்றியூரில் கிடைத்தது. கடல் அரிக்காமலிருக்க வரிசை வரிசையாகக் கல் கொட்டியிருக்கும் கரை. அதில் இரண்டு கல்வரிசைக்கு நடுவே, வடக்குக் கல்லை ஒட்டி, அலையே உடையாமல் ஒரு தண்ணீர்ப் பட்டை. போட்டுகளை அங்கேதான் இறக்குவார்கள். மீன்பிடி வீட்டுக் கண் எந்தக் கரையைப் பார்த்தாலும் போட்டு எங்கே சுலபமாக வெளியே போகும் என்றுதான் முதலில் தேடும். ஜூடியின் கண்ணும் அதைத்தான் தேடியது. பிராங்கிளினும் அடித்துச் சொன்னான்: "அங்கயே எறங்கு மே. வெண்ணெ மாதிரி போவும்."

சனிக்கிழமை காலை, பழைய பலகை ஒன்றை இரவல் வாங்கிவந்து வெள்ளோட்டம் விட்டாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பலகைக் கயிற்றைக் காலில் கட்டி, எழுந்து நின்றாள். வெண்ணெய் மாதிரியேதான் போனது! ஹோவென்று கத்தினாள். கல்மேல் நின்ற மலர்க்கொடி விசிலடித்தாள்.

திரும்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஜூடி துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தாள், பக்கத்துக் கல் நகரவே இல்லை. அப்புறம் அதுவும் முன்னால் போக, அவள் பின்னால் போனாள். அந்தப் பட்டையில் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. போட்டு அதோடு போகும், இன்ஜினைப் போட்டுத் திரும்பி வரும். தலைமுறையாக இன்ஜினை நம்பிப் பார்த்த இடத்துக்கு, துடுப்பை நம்பி வந்து நின்றிருக்கிறாள்!

"க்கா! இன்னாத்துக்கு அங்கயே முட்டிகினு கீற?" மலர்க்கொடி தொண்டை கிழியக் கத்தினாள். "தெக்கால பாரு! அல கரைக்கு வந்துகினு கீது! அத்தோட வந்துடு!"

ஜூடி மண்டியிட்டாள். கரையை நோக்கி மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, குறுக்கே தெற்குப் பக்கம் வலித்தாள். இழுப்பு விட்டது. தெற்குக் கல்லின் மறைவில் குட்டி அலை ஒன்று பலகையைத் தூக்கி, மெதுவாகக் கொண்டுபோய் மணலில் வைத்தது. எழுந்து திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தணிந்த அலை, இடுப்பளவு தண்ணீர், கல்லில்லாத மணல். அட பாவி, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் நாயாக அலைந்தோம்! பயந்த பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மதி வேனில் வந்து இறங்கினாள். கரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வடக்குப் பக்கம் கை காட்டினாள். "அங்க அலையே இல்லையே. அங்க இறங்கலாமா?"

"அய்யோ, அது போற வழி," என்றாள் ஜூடி. "போட்டுக்கு இன்ஜின் கீது, நமக்கு இன்னா கீது? நாம தெக்கால எறங்கணும். மழைக்காலத்துல தண்ணி ஓட்டம் திரும்பும், அப்போ வேற பக்கம் பாக்கணும்."

மதி இரண்டு தேங்காய் மட்டைகளைப் பொறுக்கினாள். வடக்கே எறிந்தது கடலுக்குள் போனது. தெற்கே எறிந்தது ஆடி ஆடிக் காலடிக்கே வந்தது.

"நீங்க மட்டும் அங்க இறங்கலாம்னு சொல்லியிருந்தா வேனைத் திருப்பியிருப்பேன்," என்று சிரித்தாள் மதி. "அடுத்த மாசம் எத்தனை பலகை கொண்டாரட்டும்?"

ஜூடி மலர்க்கொடியின் கையிலிருந்த பையைப் பிடுங்கி மணலில் எறிந்தாள். "மொதல்ல நீ ஏறு மலரு."

"நானா? வேணாங்க்கா, எனக்குத் தண்ணின்னாலே பேஜாரு!" என்று அலறியவளுக்கு ஜாக்கெட்டை மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் தானே நின்று பலகையைப் பிடித்துக்கொண்டாள். மலர்க்கொடி மண்டியிட்டாள். கந்தசாமியையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து நின்றாள். வடக்கே புகைபோக்கிகள், தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"க்கா, நம்ம ஊரு இங்கேர்ந்து எவ்ளோ சோக்கா கீது!"

ஜூடிக்குக் கண் நிறைந்துவிட்டது. பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மலர்க்கொடி குனிந்து பார்த்தாள். "கைய எடு க்கா," என்றாள்.

ஜூடி எடுத்தாள்.