பெண் பார்க்க வந்த அன்று வெடித்த கொயில்

எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கரண்ட் வந்த மறுவருடம் அப்பா ஒரு ஹொட் பிளேட் அடுப்பு வாங்கினார். மண் தட்டில் வளைந்து வளைந்து போகும் பள்ளம், அதற்குள் ஸ்பிரிங் மாதிரி சுருண்ட கொயில் கம்பி. அது அடிக்கடி அறுந்துபோகும். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து முறுக்கி மாட்டுவது அத்தையின் வேலை. ஒவ்வொரு தடவையும் கம்பி குட்டையாகும், தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கும். அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. "புதுசுல கூட இப்புடி கொதிக்கலயே!" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "இன்னும் குறைச்சா வெடிச்சிரும்ணே" என்பார் அத்தை. யார் கேட்டது?

அப்பாவின் தங்கையான அத்தை அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கஹவத்தையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகிவிட்டது. பிடித்துப்போனால் தையில் கல்யாணம். பரீட்சை முடியட்டும் என்று அத்தை கெஞ்சிப் பார்த்தார். அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

அன்று காலை அத்தை குறட்டால் கொயிலை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டு கருகாமல் நன்றாகவே இருந்தது. நான் கேட்டதும் கொடுத்துவிட்டார். விரலில் மோதிரமாக மாட்டிக்கொண்டேன்.

விருந்தினர் பார்க்கட்டும் என்று அப்பா ஹொட் பிளேட்டை அவர்கள் உட்கார்ந்திருந்த முன் காம்பராவுக்கே தூக்கி வந்தார். "ரெண்டு நிமிசத்துல தேத்தண்ணி ரெடிங்க" என்று சுவிட்சைப் போட்டார். கம்பி சிவக்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே வெள்ளையானது. நீலப் பொறி ஒன்று சுருளுக்குச் சுருள் தாவியது. டமார்! மண் தட்டு இரண்டாகப் பிளந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவும் சேர்ந்து நின்றுபோனது.

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்தபடி எழுந்தார். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல இப்புடி ஆயிருச்சே. சகுனம் சரியில்லைங்க" என்று செருப்பைத் தேடினார். அப்பா ரோட்டு வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனார்.

கம்பி உருகித் தரையில் சிதறிக் கிடந்த உலோக மணிகளை அத்தை கூட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. அப்பா திரும்பி வந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். என்னிடம் ஒரு துண்டு இருக்கிறதே, அதை மாட்டிக்கொள்ளட்டும் என்று விரலை நீட்டப் போனேன். அத்தை என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், மோதிரத்தைக் கழற்றிக் கான் வாய்க்காலில் ஓடிய மழைத் தண்ணீரில் எறிந்தார்.

நான் ஓவென்று அழுதேன். "அழாதடி, அத்தைக்கு வேற நல்ல எடம் வரும்" என்று அம்மா தேற்றினார். நான் அழுதது மோதிரத்துக்காக. பக்கத்திலேயே புத்தகத்தை விரித்து உட்கார்ந்த அத்தை, ஏன் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.