ஒரு நட்டுக்கு இரண்டு ஸ்பெனர்

கழன்றுவிட்டது! முதலில் அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் குண்டசாலைக்குக் குடிவந்த காலத்திலிருந்து என்னோடு இருக்கிறது அந்தப் பழைய கார். என்ஜின் ஒயிலை, அதைக் குளிரவைக்கும் கூலருக்குக் கொண்டுபோகும் பைப்பில் கசிவு. புதுப் பைப் வாங்கியாயிற்று. பழையதைக் கழற்ற வேண்டுமே? அதைக் கூலரோடு பூட்டியிருந்த நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. "ரொம்ப முறுக்கினா கூலரே உடைஞ்சுரும் சேர்" என்று கராஜ்காரர் கையை விரித்துவிட்டார்.

மனைவி சாந்தி கெடு வைத்தாள். "ஞாயித்துக்கிழமை அக்குறணை நானா வண்டி பார்க்க வாறாரு. அதுக்குள்ள சரியாகலைன்னா வித்துருவோங்க." நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் அண்ணன் பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். இந்தக் காரை விட்டால் எனக்கு வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது, சொல்லுங்கள்?

சனிக்கிழமை முழுக்க நட்டை டீசலில் ஊறவைத்தேன். மறுநாள் காலை ஸ்பெனரைப் போட்டால்... நட்டோடு, அது பூட்டியிருக்கும் கூலரின் அடிப்பாகமும் சேர்ந்து திருகுகிறது! ஒருவர் அடியை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் நட்டைத் திருப்ப வேண்டும். சாந்தியைக் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வந்து, அடியில் இன்னொரு ஸ்பெனரைப் போட்டுப் பிடித்தாள்.

முக்கி முக்கி இழுக்கிறேன் — ம்ஹூம்! எட்டிப் பார்த்தால், அவளும் நான் இழுக்கும் பக்கமே இழுக்கிறாள்.

"ஏம்மா, நீ அசையாம பிடிச்சுக்கிட்டா போதும்!"

"நீங்க தனியா கஷ்டப்படுறீங்களேன்னு நானும் இழுக்கிறேன். அது தப்பா?"

ஒரே பக்கம் இழுத்தால்தான் ஒற்றுமை என்று யார் சொன்னது? குடும்பத்தில் சிலவேளை ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று பிடித்தால்தான் காரியம் நடக்கிறது.

"அப்ப எதிர்ப்பக்கம் இழுக்கணுமா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, எனக்கு நல்லா வருமே!" என்றாள்.

வந்தது! டக்கென்று ஒரு சத்தம் — நட்டு இளகியது. பழைய ஒயில் அவள் கையெல்லாம் வழிந்தது. திட்டப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ குதிக்கிறாள்! "நான்தாங்க கழட்டினேன்! நான்தான்!" நானும் சேர்ந்து கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

புதுப் பைப்பைப் பூட்டி, ஒயில் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அந்த நேரம் பார்த்து நானா வந்து கேட்டைத் தட்டினார்.

"வண்டி குடுக்கிறதில்லைங்க நானா" என்றாள் சாந்தி.

"ஏன் தங்கச்சி, வேற ஆள் கேட்டுட்டாங்களா?"

"இல்லைங்க... இனி நான் ஓட்டப்போறேன்."

காரைக் காப்பாற்றிவிட்டேன் வாசகர்களே — சாவிதான் என்னிடம் இல்லை!