பென்சிலில் போட வேண்டிய குறிகள்

கூடலூரிலிருந்து தந்தி வந்தபோது ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே படம் ஒன்றைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விடுப்பில் ஊருக்குப் போயிருந்த என் சகா சின்னச்சாமி காய்ச்சலில் போய்விட்டான். நாற்பது வயதுகூட ஆகவில்லை, என்ன அவசரம் அவனுக்கு? அவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு நான்கு வருஷமாகப் பாக்கி கிடக்கிறது.

அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் பாடு தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படிகத்தின் வழியே எக்ஸ்ரேயைச் செலுத்தினால் படத்தில் புள்ளிகள் விழும். புள்ளியின் கருமை அலையின் வலிமையைச் சொல்லும். அலை மேடாக வந்ததா, பள்ளமாக வந்ததா என்பது தொலைந்துபோகும். அதைக் கூட்டல், கழித்தல் குறிகளாக மீட்டால்தான் அணுக்களின் இடம் தெரியும். சின்னச்சாமி அவன் ஊர்ப் பாணியில் சொல்வான்: "மதகுச் சுவத்துல தண்ணி ஏறுன தடம் இருக்கும். எப்ப ஏறுச்சுன்னு சுவரு சொல்லாது மாப்ள. அதனால குறிய மையில போடாத, பென்சில்ல போடு." நான் எங்கே கேட்டேன்!

யுத்த பயத்தில் சென்னை காலியானபோது படங்களைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். அவன் மனைவி பேச்சியம்மாள் முகம் சுளிக்காமல் மூன்று வேளையும் சோறு போட்டார். எங்கள் படிகத்தின் மூலக்கூறு ஆறு அணு வளையம் என்று ஊகித்து, அதற்கேற்ற குறிகளை மையில் போட்டு அலைகளைக் கூட்டினேன். அச்சு அசலாக வளையம் வந்தது. கட்டுரையும் எழுதிவிட்டேன். என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

சின்னச்சாமிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, என் குறிகளை அப்படியே வைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத வேறொரு படிகத்தின் புள்ளி அளவுகளைப் போட்டுக் கூட்டினான். அதிலும் என் வளையமே வந்து நின்றது.

"நீ வச்சதத்தான் நீயே எடுத்திருக்க, மாப்ள."

எனக்கு வந்ததே கோபம்! பொறாமை பிடித்தவன் என்று பேச்சியம்மாள் காதுபடச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை, பெட்ரோல் பஞ்சத்தில் கரியைக் கொண்டு ஓடிய பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆய்வுக்கூடம் திரும்பத் திறந்ததும் அவன் அதே பொருளில் புரோமின் சேர்த்துப் படிகம் வளர்த்தான். கனமான அந்த அணுவின் இடம் தெரிந்ததும் பெரும்பாலான குறிகள் பிடிபட்டன. வளையத்தில் ஐந்து அணுக்கள்தான். அதைப் பற்றிய புதுக் கட்டுரையில் என் பெயரை முன்னால் போட்டான். பட்டம் வாங்கினேன், அவனோடு ஒரே மேஜையில் டீ குடித்தேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

கருமாதிக்குப் போயிருந்தேன். பேச்சியம்மாள் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். என் மைக் குறிகள், பக்கத்தில் அவனுடைய பென்சில் திருத்தங்கள்.

"அன்னைக்கு நீங்க போன பெறகு அவுக சோறு திங்கல. கணக்குத்தான் தப்பு, ஆளு தப்பில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார்.

அழுதேன். வேறென்ன செய்வது?

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. குறிகளை நானும் பென்சிலில்தான் போடுகிறேன். உன்னைப் பொறாமைக்காரன் என்றது தப்பு, சின்னச்சாமி. தாளின் அடியில் அதை மட்டும் மையில் எழுதி வைத்திருக்கிறேன்.