நடந்து போன முள்வேலி

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், எங்கள் வாழைத் தோட்டத்துக்கும் பெரியப்பாவின் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே முதலில் கிளுவை வேலி இருந்தது. அது பட்டுப்போன வருடம் பெரியப்பா கொல்லிமலையிலிருந்து முள்ளுப்பழச் செடிகளைக் கொண்டுவந்து அதே வரிசையில் நட்டார். வெண்சாம்பல் பூசியது போன்ற தண்டு, கொக்கி முள், சிவந்து பிறகு கறுக்கும் சின்னப் பழம். சமவெளி வெயிலை அது தாங்காது என்று பலரும் சொன்னார்கள். வாய்க்கால் ஈரமும் தென்னை நிழலும் இருந்ததால் தாங்கியது. முதல் வருடம் பூக்கவே இல்லை. கிளுவையைப் போல ஒட்ட வெட்டிவிடப் போன பெரியப்பாவை, செடி கொடுத்த மலைக்காரர் தடுத்தாராம். இந்த வருடம் வளரும் தண்டு அடுத்த வருடம்தான் காய்க்கும், காய்த்த பின் தானே காயும், காய்ந்ததை மட்டும் வெட்ட வேண்டும்.

மலைக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் தண்டு வளைந்து அதன் நுனி மண்ணைத் தொட்டால், தொட்ட இடத்தில் வேர் விட்டுப் புதுச் செடியாகிவிடும். பெரியப்பா நுனிகளை எங்கள் பக்கமாக வளைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார். பழம் பெருகட்டும் என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பழத்தை நாட்டுச் சர்க்கரையோடு பிசைந்து சாப்பிடுவதில் எனக்குப் பெரிய ஆசை.

எங்கள் பக்கம் வேலியை ஒட்டி ஒரு தடம் உண்டு. வாழைத்தார் ஏற்ற வரும் டெம்போ அதில்தான் உள்ளே வர வேண்டும். அளவுக்கல் எப்போதோ காணாமல் போயிருந்ததால், வேலி நின்ற இடமே எல்லை. அடுத்த வருடம் டெம்போ வேலியை உரசிக்கொண்டுதான் வந்தது. வேலி இன்னும் ஓர் அடி நகர்ந்தால் டெம்போ உள்ளே வராது, தாரைத் தலையில்தான் சுமக்க வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். அப்பா தன் அண்ணனிடம் எதையும் கேட்கிறவர் அல்ல.

அந்த மழையில் அம்மா கவைக்குச்சியோடு வேலிக்குப் போனார். கல்லை உருட்டிவிட்டு, வேர் விடாத நுனிகளைத் தூக்கி, பெரியப்பா பக்கம் திருப்பி மண்ணில் செருகினார். "முள்ளு கையில ஏறீரும் சாமி, நீ மண்ண மட்டும் தள்ளு" என்றார். தள்ளினேன். எங்கள் பக்கம் காய்ந்த தண்டுகளை அடியோடு அறுத்தார். பெரியப்பா வேலிக்கு வந்து கல் வைத்துப் போவது பழம் பறிக்கிற கோடையில்; செடி வேர் விடுவது மழையில். ஆகவே இது சில வருடங்கள் நடந்தது.

பெரியப்பா வீட்டுக் கெடாவிருந்துக்கு அவருடைய சம்பந்தி வந்திருந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், "ஏனுங்க, வேலி உங்க வாழைக்குள்ள பூந்திருச்சுங்களே. அடுத்த வருசம் ஊட்டு வாசலுக்கே வந்துருமாட்ட இருக்குது" என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

"மலைச் செடி இல்லீங்களா, காலைச் சூரியனப் பாத்து நகருது" என்றார் பெரியப்பா.

அம்மாவுக்குச் சேர வேண்டிய பெருமை சூரியனுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. "அது ஒண்ணும் தானா நகரலீங்க பெரியப்பா. எங்கம்மாதான் வருசா வருசம் உங்க பக்கம் திருப்பி நட்டு உடறாங்க. நாந்தான் மண்ணுத் தள்றேன்" என்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார்.

"ஏன் அம்மிணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?" என்றார் பெரியப்பா.

அம்மா அவரை மாமா என்றுதான் அழைப்பார். "நீங்க கல்லு வெக்கறப்பச் சொல்லியிருந்தீங்கன்னா நானும் சொல்லியிருப்பனுங்க மாமா" என்றார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் கொளம்பு ஊத்தட்டுங்களா?"

சம்பந்திக்குப் புரை ஏறியது. பெரியப்பா இலையைப் பார்த்தபடி, ஊற்றச் சொல்லிக் கைகாட்டினார்.

அந்த மாதமே சர்வேயர் வந்து அளந்தார். பழைய கிளுவை நின்ற இடத்தில் கோடு விழுந்தது. அங்கே கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டினார்கள். செலவை அப்பாவும் பெரியப்பாவும் பாதிப்பாதியாக ஏற்றார்கள். முள்ளுப்பழச் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். செடியைப் பற்றி நான் பேசியதால்தான் அதைத் தண்டித்துவிட்டார்கள் என்று நினைத்து அழுதேன்.

மறுநாள் டெம்போ தார் ஏற்றிக்கொண்டு கம்பியில் படாமல் வெளியே போனது. அம்மா தடத்தில் நின்று, அது சாலையில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம், விருந்தாளி வந்தால் மட்டும் செய்கிற கச்சாயத்தைச் சுட்டார். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். என் பழச்செடி சாம்பலாகிக் கிடக்கிற நேரத்தில் இவருக்கு எப்படிப் பலகாரம் சுட மனசு வருகிறது என்று கோபித்துக்கொண்டு, இரண்டு கச்சாயத்தோடு எழுந்துவிட்டேன்.