செல்லோ டேப் ஒட்டிய கல்யாண கேசட்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கே.கே. நகரிலிருந்து ஒரு பையோடு மயிலாப்பூருக்கு, என் வீட்டுக்கு வந்தாள். பையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே அவளுடைய கல்யாண வீடியோ கேசட்.

"பாத்தே ஆகணும்னு பொண்ணு விடமாட்டேங்கறா. கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா."

கேசட்டைத் திருப்பினேன்; முதுகில் நான் ஒட்டிய செல்லோ டேப் அப்படியே இருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்தக் கால கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதையும் பதிவு செய்ய முடியாது. வீடியோக்காரர் பொறுப்பாக உடைத்துத்தான் கொடுத்திருந்தார். அவரைவிடப் பொறுப்பான நான், பள்ளிக்கூட நாளில், காலி கேசட் கிடைக்காமல் அந்த ஓட்டையில் செல்லோ டேப்பை ஒட்டி, கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்துவிட்டேன். அரை மணியில் கரண்ட் போனது. எதன் மேல் பதிவானது என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. கேசட்டைப் போட்டுப் பார்க்கும் டெக்கும் சீக்கிரமே பழுதாகி என்னைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு முப்பது வருடமாக, அக்காவின் தாலியை நானே அழித்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

என் பிள்ளைகளின் பிறந்தநாள் கேசட்டுகளுக்காக ரிச்சி தெருவில் பழைய டெக் வாங்கி வைத்தது என் வினை. மற்றதெல்லாம் கணினியில் நொடியில் ஏறும். கேசட் தான் ஓடும் வேகத்தில்தான் ஏறும். அக்கா நகராமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலை மாற்றினார்கள். தாலி கட்டினார்கள். அப்பாடா! அத்தானுக்கு அப்போது எவ்வளவு முடி என்று ரசிக்கக்கூட முடிந்தது. பந்திக்கு இலை போட்டார்கள். திடீரென்று பச்சைப் புல்தரை. ஒருவர் பந்து வீச ஓடி வருகிறார்.

"அக்கா, நான்தான்..." என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

அக்கா சிரித்தாள். "பந்தியா போச்சு? நல்ல வேளைடா! பாயசம் வர்றதுக்குள்ள எங்க மாமனாரோட இலைய எடுத்துட்டாங்கன்னு அவரும் அப்பாவும் கத்திக்கிட்டாங்களே, அத அந்த வீடியோக்காரன் வெட்டாம விட்டிருந்தான். பொண்ணு பாத்துடுவாளேன்னு நேத்தெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல."

கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தோம். முப்பது வருடச் சுமை இறங்கிவிட்டது. சண்டை போட்ட இருவரும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது.

மேட்ச் நின்று வரவேற்பு வந்தது. மேடையோரம் அப்பா யாரிடமோ கையை ஆட்டிப் பேசுகிறார். வாய் அசைகிறது, கேட்பது சினிமாப் பாட்டு. கல்யாணம் முழுக்க அப்படித்தான் பாட்டைப் போட்டு மூடியிருந்தார் வீடியோக்காரர். அக்கா ஒலியைக் கூட்டிப் பார்த்தாள்.

"சண்டைக்கு மட்டும்தான்டா பாட்டு போடல," என்றாள். "அப்பா குரல் அதுலதான் இருந்துச்சு."